கையெழுத்து வைக்க மறுத்தவன்

என்ரை தம்பிக்கு எழுத வாசிக்கத் தெரியாது எண்டு இஞ்சை இத்தாலியிலை, பலெர்மோவிலை, கன சனம் நினைச்சுக் கொண்டிருக்குது. அப்பிடியில்லை, ஊரிலை ஓ.எல். சோதினை வரை ஒழுங்காப் படிச்சவன். ஆனால் ஒரு கடதாசியைக் காட்டிக் கையெழுத்து வை எண்டால் வைக்கமாட்டான். தபால்காரன் பார்சலைக் கொண்டு வந்து பேனையை நீட்டினால், உள்ளுக்குப் போய் நிண்டு கொண்டு என்னைக் கூப்பிடுவான். நான் வேலையாலை வரேல்லையெண்டால் பார்சல் வந்த வழியாலை திரும்பிப் போகும். ஒரேத்தோத் தெருவிலை நாங்கள் இருக்கிற வீட்டின்ரை ஒப்பந்தம், காஸ், கரண்ட், அவன் கையிலை வைச்சுக் கதைக்கிற ஃபோன், எல்லாம் என்ரை பேரிலைதான். அனுமதி புதுப்பிக்கிற கடதாசிக்கு மட்டும் வேறை வழியில்லாமல் வைப்பான். அதுக்கும் அறைக்கதவைச் சாத்திப் போட்டு, ஒவ்வொரு வரியா வாசிச்சு, வேர்த்து விறுவிறுத்துத்தான் வெளியாலை வருவான். நான் அதைப் பஞ்சி, சோம்பல் எண்டுதான் நினைச்சனான். பஞ்சி பிடிச்ச கழுதை எண்டு வாயாலை சொல்லியும் இருக்கிறன்.

போன தடவை அப்பிடிப் புதுப்பிக்கக் குடுத்ததுக்குத்தான் குவெஸ்தூராவிலையிருந்து மறுமொழி வந்தது. குவெஸ்தூரா எண்டால் வெளிநாட்டுக்காரருக்குத் தங்கிற அனுமதி குடுக்கிற பொலிஸ் கந்தோர். அந்த அனுமதியைத்தான் இஞ்சை எல்லாரும் பெர்மெசோ எண்டிறது. அது இல்லாட்டி வேலையும் இல்லை, வீடும் இல்லை. நான் குசினியிலை நிண்டு வாசிச்சன். உங்கடை பேரிலை நீதிமன்றத் தீர்ப்பு ஒண்டு இருக்குது, குற்றவாளி எண்டு முடிவாகியிருக்குது, ஆனபடியால் பெர்மெசோவைப் புதுப்பிக்க ஏலாமல் இருக்கும், மறுத்துச் சொல்ல ஏதாவது இருந்தால் சொன்ன நாளுக்குள்ளை எழுத்திலை தரவும் எண்டு இருந்தது. கண் பிழையாக்கும் எண்டு திருப்பி மேலையிருந்து வாசிச்சன்.

“டேய், நீ எப்ப கோட்டுக்குப் போனனீ?”

“நான் ஒரு இடமும் போகேல்லை அக்கா.”

“அப்ப இது ஆர், உன்ரை பேரிலை இன்னொருத்தனே?”

“எனக்குத் தெரியாது. நான் ஒண்டும் செய்யேல்லை.”

பெர்மெசோ போனால் அவனைத் திருப்பி ஊருக்கு அனுப்புவாங்கள். சண்டை முடிஞ்ச கையோடை முகாமிலையும், பிறகு தடுப்பிலையும் கிடந்திட்டு வந்தவன் அவன். அங்கை விமானம் விட்டு இறங்கினால் என்ன நடக்கும் எண்டு எனக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது, தெரியாதபடியால்தான் பயம். எனக்கு இந்த உலகத்திலை இருக்கிறது அவன் ஒருத்தன்தான். என்ரை மனுசனை அந்த முகாமிலை வைச்சுத்தான் கொண்டு போனவங்கள். இண்டைக்கு வரைக்கும் ஆள் இருக்கோ இல்லையோ எண்டு ஒரு தகவலும் இல்லை. நான் அதுக்கு முந்தியே பலெர்மோவுக்கு வந்து ஒரு இத்தாலிய அம்மாவின்ரை, சிஞ்ஞோராவின்ரை, வீட்டிலை வேலைக்கு நிண்டனான். மனுசனும் தம்பியும் பின்னாலை வாறதா இருந்தது. தம்பி மட்டும் வந்தான். வந்த புதுசிலை, அத்தானுக்கு என்னடா நடந்தது எண்டு கேட்டன். “ஒரு காலமை பேர் கூப்பிட்டாங்கள், எழும்பிப் போனவர்” எண்டான். அதுக்கு மேலை கேட்டால் சாப்பாட்டுக் கோப்பையை வைச்சுப் போட்டு எழும்பிப் போயிடுவான். பிறகு நானும் கேக்கிறதை விட்டிட்டன்.

நான் பாக்கிற சிஞ்ஞோராவுக்கு ஒரு மகள், அவ வழக்கறிஞர். தாயைப் பாக்க வந்தாலும் இருக்கமாட்டா, கையிலை கார்த் திறப்பை வைச்சு ஆட்டிக் கொண்டு நிண்டபடிதான் கதைப்பா. கடிதத்தைக் காட்டினன். அவ ஒரு பார்வை பாத்திட்டு, “தீர்ப்பைக் காணாமல் நான் ஒரு சொல்லும் சொல்லமாட்டன். முதல்லை அதின்ரை கொப்பியை எடுத்துக் கொண்டு வாங்கோ” எண்டா.

“நீங்களே எடுத்துத் தரேலாதோ?”

“எடுக்கலாம். அதுக்கு உங்கடை தம்பி எனக்கு அதிகாரம் தந்து கையெழுத்து வைக்கோணும். ஆள் கையெழுத்து வைக்காது எண்டு நீங்கள்தானே இவ்வளவு காலமும் எனக்கு முறைப்பாடு சொன்னனீங்கள்.”

அது உண்மைதான். சிஞ்ஞோராவின்ரை குசினியிலை நான் அவனைப் பற்றிச் சொல்லாத முறைப்பாடு இல்லை. மகள் பிறகு கொஞ்சம் ஆறுதலாச் சொல்லித் தந்தா. நீதிமன்றத் தீர்ப்பு ஒளிச்சு வைக்கிற சாமான் இல்லை, சம்பந்தப்பட்டவர் கேட்டால் தரத்தான் வேணும். எந்த வழக்கெண்டு இலக்கம் வேணும், அந்த இலக்கத்தைக் கொண்டு போய் ஃபைல் இருக்கிற கந்தோரிலை எழுத்திலை கேக்கோணும், கட்டவேண்டியதைக் கட்டோணும், பேந்து அவையள் சொல்லுற நாளிலை போய் எடுக்கோணும். இவ்வளவுதான் எண்டா. இவ்வளவுதான் எண்டு சொல்லுற ஆக்களுக்கு அது அவ்வளவுதான்.

எங்கடை சனம் நீதிமன்றக் கட்டிடத்துக்கு முன்னாலை போற பஸ்ஸிலை கூட மற்றப் பக்கம் பாத்துக் கொண்டுதான் போகும். வியா மக்வேதாவிலை ஒரு கடையிலை கறிவேப்பிலை வாங்கிக் கொண்டு நிக்கேக்கை, வாய் பொறுக்காமல் விசயத்தைச் சொல்லிப் போட்டன். பக்கத்திலை நிண்ட அக்கா ஒராள், “உனக்கு என்ன விசரே? தானாப் போய்த் தலையைக் குடுக்கிறாய். போய்க் கேட்டால் இல்லாததையும் கிண்டி எடுப்பாங்கள்” எண்டா. “இருக்கிறதைக் கிண்டி எடுக்கத்தான் போறன் அக்கா” எண்டு சொல்லிப் போட்டு வந்திட்டன். வீட்டுக்கு வந்த பிறகுதான் கறிவேப்பிலையைக் கடையிலையே விட்டிட்டு வந்தது தெரிஞ்சுது.

ரெண்டு பேருமா ஒரு காலமை போனம். வாசல்லை உடம்பைச் சோதிக்கிற மெசின். ஆரும் ஒண்டும் சொல்ல முதல் தம்பி ரெண்டு கையையும் தலைக்கு மேலை தூக்கினான். காவலுக்கு நிண்ட பெடியன் சிரிச்சுப் போட்டு, இறக்குங்கோ, இறக்குங்கோ எண்டு கையாலை காட்டினான். நல்ல பெடியன், கேலி பண்ணேல்லை. ஆனால் எனக்குச் சிரிப்பு வரேல்லை.

கடிதத்திலை இருந்த இலக்கத்தைக் காட்டினம். அது வழக்குப் போட்ட அரச தரப்பின்ரை இலக்கமாம், நீதிமன்றத்தின்ரை இலக்கம் வேறையாம். ஒரு வழக்குக்கு ரெண்டு இலக்கம். மேலை போங்கோ எண்டினம், மேலை போனால் அது அந்தப் பக்கத்து நடை எண்டினம். நான் சிஞ்ஞோரா வீட்டுப் படிக்கட்டை ஒவ்வொரு நாளும் துடைக்கிறவள், ஏறி இறங்கிறது எனக்குப் புதுசில்லை. ஆனால் அந்தக் கட்டிடத்திலை ஒவ்வொரு படியையும் எண்ணி எண்ணித்தான் ஏறினன். ஒவ்வொரு கதவடியிலையும் கறுப்பு அங்கியைக் கையிலை போட்டுக் கொண்டு ஆக்கள் நிண்டினம், தம்பி ஒவ்வொருத்தரையும் பாத்துத் தலையைக் குனிஞ்சு குனிஞ்சு வந்தான்.

கடைசியா ஒரு யன்னல். அங்கை இருந்த கிளாக்கர் மனுசி மூக்குக் கண்ணாடியைத் தலைமயிரிலை குத்தி வைச்சுப் போட்டு மேசை முழுக்க அதையே தேடிக் கொண்டிருந்தா. நான் என்ரை தலையைத் தொட்டுக் காட்டினன். அவ சிரிச்சு, கண்ணாடியைப் போட்டு, தம்பியின்ரை பேரைக் கணினியிலை அடிச்சுப் பாத்தா. “இல்லை, இந்தப் பேரிலை ஒண்டும் இல்லை” எண்டா.

தம்பியின்ரை முகத்தைப் பாக்கோணும். இத்தினை வருசத்திலை நான் காணாத வெளிச்சம். “இல்லையாம் அக்கா, வா போவம்” எண்டு என்ரை சட்டைக் கையைப் பிடிச்சு இழுத்தான். எனக்கும் ஓடிப் போகத்தான் ஆசை. ஆனால் எனக்குத் தெரியும். எங்கடை ஆக்களுக்குக் குடும்பப் பேர் எண்டு ஒண்டு கிடையாது, அப்பாவின்ரை பேர்தான் முன்னுக்கு. ஒரு கந்தோரிலை அதைக் குடும்பப் பேர் எண்டு பதிவினம், மற்றக் கந்தோரிலை மாறிப் பதிவினம். “மாத்திப் போட்டுப் பாருங்கோ சிஞ்ஞோரா” எண்டன். மாத்திப் போட்டா. வந்திட்டுது. தம்பி என்ரை கையை விட்டிட்டான்.

களவு போன சாமானை வைச்சிருந்த குற்றம் எண்டு கிளாக்கர் வாசிச்சா. பழைய ஃபைல் எண்டபடியால் களஞ்சியத்திலையிருந்து எடுப்பிக்கோணும், விண்ணப்பத்தை நிரப்பித் தந்திட்டுப் போனால் எடுத்து வைப்பம் எண்டா. ஒரு கடதாசியையும் பேனையையும் தள்ளினா. நான் விபரம் எல்லாம் நிரப்பினன். “இஞ்சை ஒண்டு, இஞ்சை ஒண்டு” எண்டு ரெண்டு இடத்திலை புள்ளி போட்டுக் காட்டினா. தம்பி பேனையைத் தொடேல்லை.

“வை” எண்டன்.

“நீ வை அக்கா.”

“இது நீ கேக்கிற கடதாசியடா. நான் எப்பிடி வைக்கிறது?”

அவன் ரெண்டு கையையும் காற்சட்டைப் பைக்குள்ளை விட்டான். பின்னாலை வரிசையிலை ஆக்கள், ஒரு வழக்கறிஞர் மணிக்கூட்டைப் பாக்கிறார், கிளாக்கர் என்னைப் பாக்கிறா. எனக்கு ஏறிட்டுது. அரை நாள் வேலையை விட்டுப் போட்டு, ஆற்றையோ கையைக் காலைப் பிடிச்சு இந்த யன்னலைக் கண்டுபிடிச்சுக் கொண்டு வந்து நிப்பாட்டினால் இவன் கல்லுப் போலை நிக்கிறான். வாய்க்கு வந்தபடி ஏசினன். “ஒரு கையெழுத்துக்கு உனக்கு என்னடா கோதாரி பிடிச்சது? இதென்ன முகாமே?”

அவன் பேனையைப் பாத்தபடி மெதுவாச் சொன்னான். “முகாமிலைதான் அக்கா நான் ஒருக்கா வாசிக்காமல் வைச்சனான். சிங்களத்திலை எழுதியிருந்தது. வைச்சால் வீட்டை விடுவம் எண்டாங்கள். வைச்சன். அடுத்த நாள் அதைக் காட்டி ஒராளைக் கொண்டு போனாங்கள்.”

ஆர் எண்டு கேக்க எனக்கு வாய் திறந்தது. திறந்த வாயை மூடிப் போட்டன். கிளாக்கர் ஏதும் பிரச்சினையோ எண்டு கேட்டா, இல்லை, இவருக்கு விளங்கேல்லை, நான் வாசிச்சுக் காட்டுறன் எண்டன். வரிசையிலையிருந்து விலகி யன்னல் கரையிலை நிண்டு, அந்தக் கடதாசியிலை இருந்த ஒவ்வொரு சொல்லையும் தமிழிலை சொன்னன். கீழை குட்டி எழுத்திலை இருந்ததையும் சொன்னன். என்ரை குரல் எனக்கே வேறை ஆற்றையோ குரல் மாதிரிக் கேட்டுது. அவன் எல்லாத்தையும் கேட்டு முடிச்சு, பேனையை எடுத்து, முதல்லை ஒரு வேலை செய்தான். நிரப்பாமல் வெறுமையாக் கிடந்த ஒவ்வொரு இடத்திலையும் குறுக்காலை கீறினான். இனி ஆரும் அதுக்குள்ளை ஒண்டும் எழுத ஏலாது. கீறி முடிச்சுத்தான் கையெழுத்து வைச்சான். கிளாக்கர் வாங்கிப் பாத்து, ஒண்டும் சொல்லாமல் முத்திரை குத்தினா.

திரும்பி வரேக்கை பஸ்ஸிலை பக்கத்திலை பக்கத்திலை இருந்தம். கேக்கிறதெண்டால் அப்ப கேட்டிருக்கலாம். “காலமை சாப்பிட்டனியே?” எண்டு கேட்டன். “ஓம்” எண்டான். சாப்பிடேல்லை எண்டு எனக்குத் தெரியும்.

அவையள் சொன்ன நாளிலை போய்க் கொப்பியை எடுத்தம். வீட்டுக்கு வந்து மேசையிலை வைச்சு நான் இத்தாலியன்லை வாசிக்க, அவன் கேட்டுக் கொண்டிருந்தான். கதை இதுதான். சில வருசத்துக்கு முந்தி ஒரு கோடை, மொண்டெல்லோக் கடற்கரையிலை ஒரு சாப்பாட்டுக் கடையிலை தம்பி கோப்பை கழுவினவன். சாப்பிட வந்த ஒரு மனுசியின்ரை கைப்பை காணாமல் போய், பிறகு வேலைக்காரர் சட்டை மாத்திற அறையிலை, தம்பியின்ரை சட்டை கொழுவியிருந்த கொக்கியிலை கிடந்திருக்குது. பொலிஸ் வந்து எல்லாரிட்டையும் வாக்குமூலம் எழுதினதாம். மற்றவை கையெழுத்து வைச்சுப் போட்டு வீட்டை போயிருக்கினம்.

“அந்தக் கொக்கியிலை ஆர் சட்டை கொழுவுறது?”

“எல்லாரும்தான். இடம் இல்லை.”

“அதைச் சொன்னனியே?”

“சொன்னனான். எழுதினவை. அதிலை கையெழுத்து வைக்கச் சொன்னவை.”

அண்டைக்கு வீட்டை வந்தவன், வேலை போயிட்டுது அக்கா எண்டு மட்டும்தான் என்னட்டைச் சொன்னவன். கடைக்காரன் பாவம் பாத்து வழக்குக்குப் போகாமல் விட்டிட்டான் எண்டு அவன் நினைச்சிருக்கிறான். வழக்குப் போனது அவனுக்குத் தெரியாது. கடதாசியைப் பிரட்டப் பிரட்ட ஒரே வசனம்தான். வாக்குமூலத்துக்குக் கீழை, கையெழுத்து வைக்க மறுத்தார். அறிவித்தல் எந்த விலாசத்துக்கு அனுப்பிறது எண்டு கேட்ட இடத்திலை, கையெழுத்து வைக்க மறுத்தார். உரிமைகளை விளங்கப்படுத்தின கடதாசியிலை, மறுத்தார். பிறகு வீட்டுக்கு வந்த நீதிமன்றப் பச்சை உறைகள், பொறுப்பெடுக்க ஆளில்லை, திருப்பி அனுப்பப்பட்டது. அரசாங்கம் போட்ட வழக்கறிஞர் எழும்பி நிண்டு, நீதிமன்றத்தின்ரை முடிவுக்கே விடுறன் எண்டிருக்கிறார். குற்றவாளி எண்டு முடிச்சிருக்குது. எழுதியிருந்ததிலை ஒரு பொய்யும் இல்லை, அதுதான் எனக்கு வயித்தெரிச்சல். எல்லாம் நடந்ததுதான். அதை வாசிக்கிற எவரும் இவன் ஒரு கள்ளன், பிடிபட்டவுடனை வாயை மூடிக் கொண்டு தப்பி ஓடினவன் எண்டுதான் நினைப்பினம். நான் கூட, அக்கா இல்லாட்டி, அப்பிடித்தான் நினைச்சிருப்பன். நான் வாசிச்சு முடியத் தம்பி எழும்பிப் போய் கோப்பை கழுவினான். நான் குசினிக் கதிரையிலை இருந்து அழுதன்.

கொப்பியைக் கொண்டு போய்க் காட்டின அண்டைக்குத்தான் சிஞ்ஞோராவின்ரை மகள் முதல் முதலா என்னோடை இருந்து கதைச்சவ. “வழி இருக்குது. வழக்கு நடக்குது எண்டே தெரியாத ஒருத்தருக்கு எதிராத் தீர்ப்பு வந்தால், அதை ரத்துச் செய்யச் சொல்லி மேல் நீதிமன்றத்தைக் கேக்கலாம். ஆனால் இதிலை இடத்துக்கு இடம் மறுத்தார், மறுத்தார் எண்டு கிடக்குது. வேணுமெண்டு ஒளிச்சவர் எண்டால் வழி அடைஞ்சு போகும். ஏன் மறுத்தவர்?”

தம்பியும் அங்கைதான் இருந்தவன். நான் அவனைப் பாத்தன். அவன் நிலத்தைப் பாத்தான். “ஊரிலை நடந்த ஒரு விசயம்” எண்டு நான் சொன்னன்.

“ஊரிலை நடந்த ஒரு விசயம் எண்டு நீதிபதிக்கு எழுத ஏலாது. அவரே தன்ரை கையாலை எழுதோணும். எந்த இடம், என்ன கடதாசி, ஆரைக் கொண்டு போனது, பேரோடை எழுதோணும். மொட்டையா எழுதினால் நம்பமாட்டினம். எழுதிக் கையெழுத்து வைச்சுத் தந்தால் நான் அதை விண்ணப்பத்தோடை இணைப்பன். இல்லாட்டி என்னாலை ஏலாது.”

நான் அதைத் தமிழிலை சொன்னன். ஆரைக் கொண்டு போனது எண்ட இடத்திலை நாக்குத் தடுமாறினது. தம்பி, “இதை ஆர் வாசிப்பினம் எண்டு கேள் அக்கா” எண்டான். நீதிபதிகள் வாசிப்பினம், அரச தரப்பு வாசிக்கும், ஃபைலோடை கிடக்கும், சம்பந்தப்பட்டவை கொப்பி கேட்டால் குடுப்பினம் எண்டு அவ சொன்னா.

வீட்டை வந்து சப்பாத்துக் கழட்டேக்கை அவன் என்ரை முகத்தைப் பாக்காமல் சொன்னான், “நான் எழுதுறன். ஆனால் நீ வாசிக்கக் கூடாது.”

“ஓமடா” எண்டன். வேறை என்னத்தைச் சொல்ல?

அவன் ஞாயிற்றுக்கிழமையிலை அறைக்கதவைச் சாத்திப் போட்டு எழுதினான். நான் வெளியாலை வெங்காயம் வெட்டினன், உடுப்புத் தோய்ச்சன், துடைச்ச நிலத்தைத் திருப்பித் துடைச்சன். மொழிபெயர்க்கிறதுக்கு இஞ்சத்தை ஆள் வேண்டாம் எண்டான், இத்தாலியின்ரை வடக்கிலை வேறை நகரத்திலை இருக்கிற ஒருத்தருக்குத்தான் வழக்கறிஞர் அனுப்பினவ. நான் லேசிலை வாயை மூடிக் கொண்டிருக்கிற ஆள் இல்லை. சிஞ்ஞோராவுக்கே எதிர்க்கதை கதைக்கிறவள். என்ரை தம்பியிட்டை ஒரு கேள்வி கேக்க எனக்கு வாய் வரேல்லை. அவன் பொய் சொல்லுவான் எண்ட பயம் இல்லை. கேட்டால் சொல்லிப் போடுவான், அதுதான் பயம். அந்த முகாமிலை எத்தினையோ ஆயிரம் சனம். கொண்டு போன ஆக்களும் கொஞ்ச நஞ்சம் இல்லை. அது ஆராவும் இருக்கலாம் எண்டு எனக்கு நானே சொல்லிக் கொண்டன். சொல்லச் சொல்ல, ஒரு காலமை பேர் கூப்பிட்டாங்கள் எண்டு அவன் சொன்னதுதான் காதிலை கேட்டுது.

சில நேரம் அவனைப் பாக்க ஆத்திரம் வரும், என்ன செய்தான் எண்டு தெரியாமலே. அடுத்த நிமிசம் அவனுக்கு மீன் பொரிச்சு வைப்பன். அந்தக் காலத்திலை எனக்குள்ளை இருந்த குழப்பத்தை ஆருக்கும் சொல்லி விளங்கப்படுத்த ஏலாது.

விசாரணை நடந்த அண்டைக்கு உள்ளுக்கு அவனும் வழக்கறிஞரும் மொழிபெயர்ப்பாளரும் மட்டும்தான். நான் வெளியாலை போட்டிருந்த மர வாங்கிலை இருந்தன். கதவு திறந்து அவன் வெளியாலை வந்தான், முகம் வெளிறிப் போய், சேட் முதுகோடை ஒட்டிக் கிடந்தது. பின்னாலை வந்த வழக்கறிஞர் அவன்ரை தோளிலை கையை வைச்சுக் கொண்டு வந்தா. அவ ஆரையும் தொட்டுக் கதைக்கிற ஆள் இல்லை. அவ என்னைப் பாத்தா, பாத்த பார்வையிலை ஒரு இரக்கம் இருந்தது. அது அவனுக்காகவோ எனக்காகவோ எண்டு நான் இண்டைக்கும் யோசிக்கிறன்.

“தண்ணி இருக்கே அக்கா?” எண்டான். போத்தலைக் குடுத்தன்.

கொஞ்ச நாள் கழிய முடிவு வந்தது. பழைய தீர்ப்பை ரத்துச் செய்து, வழக்கைத் திருப்பி முதலிலையிருந்து கேக்கச் சொல்லிப் போட்டினம். இனி அவன் தானே போய் நிண்டு, அந்தக் கொக்கி எல்லாருக்கும் பொது எண்டு சொல்லலாம். பெர்மெசோவைப் பொறுத்தவரை, அந்த ரத்துக் கட்டளையின்ரை முத்திரை குத்தின கொப்பியைக் கொண்டு போய்க் குடுத்தால் புதுப்பிக்கிற வேலை நடக்கும் எண்டு வழக்கறிஞர் சொன்னா. தம்பி அண்டைக்குக் குசினியிலை நிண்டு சிரிச்சான். எத்தினை வருசத்துக்குப் பிறகு. நானும் சிரிச்சன். அவன் இஞ்சை இருப்பான், ஒருத்தரும் அனுப்பமாட்டினம். வேறை என்ன வேணும் எனக்கு?

அவனுக்கு வேலை எண்டபடியால் கொப்பி எடுக்க நான்தான் போனன். என்னைத் தன்ரை சார்பிலை எடுக்கச் சொல்லி அதிகாரம் எழுதி, கையெழுத்தும் வைச்சுத் தந்தவன். இந்த முறை வழி கேக்கத் தேவையில்லை. எந்த வாசல், எந்த நடை, எந்த யன்னல் எண்டு எல்லாம் எனக்குத் தெரியும். இது மேல் நீதிமன்றத்தின்ரை கந்தோர், வேறை கிளாக்கர், வயசான மனுசன், ஆறுதலான ஆள். அதிகாரக் கடதாசியை வாசிச்சு, என்ரை அடையாள அட்டையைப் பாத்து, எழும்பிப் போய் ஃபைலைக் கொண்டு வந்து யன்னல் தட்டிலை வைச்சுத் திறந்தார்.

“கட்டளை மட்டுமோ, முழு ஃபைலுமோ?”

எனக்கு விளங்கேல்லை எண்டு நினைச்சு அவர் விளங்கப்படுத்தினார். கட்டளை ரெண்டு மூண்டு பக்கம்தான். முழுசும் எண்டால் இணைப்புகள் எல்லாம் வரும், விண்ணப்பம், வாக்குமூலம், மொழிபெயர்ப்பு எல்லாம். உங்களுக்கு அதிகாரம் இருக்குது, கேட்டால் நான் தருவன், கன பேர் ஒருக்கா முழுசா எடுத்து வீட்டிலை வைச்சிருக்கிறவை. சொல்லிக் கொண்டே பக்கங்களைப் பிரட்டினார். பிரட்டேக்கை, இத்தாலியன் அச்செழுத்துகளுக்கு நடுவிலை, நீல மையிலை தமிழ். தம்பியின்ரை எழுத்து. எனக்குத் தலைகீழாத் தெரிஞ்சுது. கொஞ்சம் குனிஞ்சால் வாசிக்கலாம். இவ்வளவு காலமும் நான் தேடிக் கொண்டிருக்கிற என்ரை மனுசனுக்கு என்ன நடந்தது எண்டு இந்த உலகத்திலை எழுதி வைச்சிருக்கிற ஒரே கடதாசியா அது இருக்கக் கூடும். இல்லாமலும் இருக்கக் கூடும். அதிலை அவரின்ரை பேர் இருந்தால், எனக்கு மனுசனும் இல்லை, தம்பியும் இல்லை.

கிளாக்கர் விரலைப் பக்கத்திலை வைச்சபடி என்னைப் பாத்துக் கொண்டிருந்தார்.

“கட்டளை மட்டும் போதும்” எண்டன்.